சண்டை நடந்த தேதிகள்

எலிகளுக்குப் பூசணம் பிடித்த தீனியைக் கொடுத்தேன் என்று என் மேல் பழி வந்த அன்றைக்குத்தான் இந்த விவகாரத்துக்குள் நான் காலை வைத்தேன். நானாக வைக்கவில்லை, இழுத்து வைத்தார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டோர் என் பொறுப்பு. தீனி, மரத்தூள், பஞ்சு, சோடா உப்பு, கையுறை எல்லாம் என் கையைத் தாண்டித்தான் எலிக்கூடத்துக்குப் போக வேண்டும். பதினெட்டு வருஷத்தில் ஒரு மூட்டையில் ஒரு புழு இருந்ததாக யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட என்னிடம் வந்து, காலை ஒன்பது மணிக்கு, டீ கூட ஆறாத நேரத்தில், அந்த ஆராய்ச்சிப் பெண் மூட்டை மூட்டையாகப் பிரித்து முகர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா தேடுறே?"

"எதையாவது கண்டுபிடிக்கணும்க்கா. எதுவும் கிடைக்கலேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

அவளை எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிடுவார்கள். இன்னும் பட்டம் வாங்காதவள். "இன்னும் ஆகலீங்க, இன்னும் ஆகலீங்க" என்று ஆரம்பத்தில் மறுத்துக்கொண்டிருந்தாள். பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டாள். ஓயாமல் நெருக்கடியில் கிடந்தால் மூளைக்குள் சுரக்கிற சரக்கெல்லாம் என்ன கதி ஆகிறது என்று எலிகளை வைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. மொத்தம் இருபத்துநாலு வெள்ளெலிகள். பாதியைத் தினமும் காலை பத்து மணிக்கு, உடம்பைத் திருப்ப முடியாத குழாய்க்குள் இரண்டு மணி நேரம் அடைத்து வைப்பாள். இப்படி இருபத்தொரு நாள். மீதிப் பாதி வேறோர் அறையில் தின்று தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு எலிக்கூடத்தில் 'சும்மா எலிகள்' என்று பேர். கடைசி நாளன்று இரண்டு கூட்டத்தின் ரத்தத்தையும் மூளையையும் எடுத்து ஒப்பிடுவாள். குழாய் எலிகளுக்கு ரத்தத்தில் நெருக்கடிச் சுரப்பு ஏறியிருக்க வேண்டும், மனசைச் சமனாக வைத்திருக்கிற செரட்டோனின் மூளையில் குறைந்திருக்க வேண்டும். சும்மா எலிகளுக்கு எல்லாம் சீராக இருக்க வேண்டும். மூன்று வருஷ உழைப்பின் கடைசிப் பகுதி அது.

"குழாய் எலிக்கு நான் நெனச்ச மாதிரியேதான் வந்திருக்கு. சும்மா எலிக்கு அதைவிட மோசமா வந்திருக்குக்கா. தின்னுட்டுத் தூங்கின எலிக்கு என்னக்கா கவலை?"

"ஒரே மூட்டையில இருந்துதானே ரெண்டு அறைக்கும் தீனி போகுது? என் தீனி கெட்டுப்போயிருந்தா எல்லா எலிக்கும்தானே கெடணும்? சும்மா எலிக்கு மட்டும் எப்படி அதிகமா ஆகும்?"

அவள் தீனி மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். "அதுவும் சரிதான்," என்றாள். படித்தவர்களுக்குச் சில சமயம் மூட்டை மேல் உட்கார்ந்தால்தான் புத்தி வேலை செய்கிறது.

அத்தோடு நான் விட்டிருக்கலாம். பதினெட்டு வருஷப் பேர் பறிபோகப் பார்த்த கோபம், வாய் நிற்கவில்லை. "என் மேல பாயறதுக்கு முன்னாடி அந்த எலிக்காரரைக் கேளும்மா. போன மாசம் பூரா எதுக்குப் பஞ்சு பஞ்சா வாங்கிட்டுப் போனாருன்னு கேளு," என்று சொல்லிவிட்டேன்.

எலிக்காரர் என் பக்கத்து வீட்டுக்காரர். ஊழியர் குடியிருப்பில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் நான் குனிவேன். அவர் எலிகளுக்குத் தீனியும் தண்ணீரும் பார்ப்பவர். அவர் மனைவி அதே கூடத்தில் கூண்டு கழுவுபவள், எனக்குத் தங்கச்சி மாதிரி, அப்படித்தான் கூப்பிடுவேன். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இரண்டு அறை வீட்டில் இரண்டு பேராக இருந்தவர்கள், பதினாலு மாதமாக மூன்று பேர். மூன்றாவது ஆள் எலிக்காரரின் அண்ணன். முப்பது வருஷம் ஓர் அலுவலக வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவர். அதனால் அவர் மனுக்காரர். மனைவி இறந்துபோய், ஒண்டியாகச் சமைத்துத் தின்ன முடியாமல், "பத்து நாள் இருந்துட்டுப் போறேம்மா" என்று ஒரு பையோடு வந்து இறங்கினார். பத்து நாள் என்று அவர் சொன்னதை நானே என் காதால் கேட்டேன்.

அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை. என் வீட்டுக்காரரிடம் நான் இடித்துக் காட்டுவேன். "பக்கத்து வீட்டைப் பாருங்க. மூணு பேர் இருக்காங்க, மூச்சு விடற சத்தம் கேக்குதா? நீங்க சோப்பு எங்கேன்னு கேக்கறது நாலு தெருவுக்குக் கேக்குது." எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது.

டாக்டரம்மா என்னையும் இழுத்துக்கொண்டு எலிக்கூடத்துக்குப் போனாள். வெளிக்கதவைச் சாத்திய பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நடுவில் உள்ள இரண்டடி இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு இடிக்க நின்றோம். உள்ளே எலிக்காரர் தண்ணீர்க் குப்பிகளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, அடியில் பாசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"பஞ்சு கண்ணு துடைக்க வாங்கினதுங்க," என்றார்.

"யாரு கண்ணை?"

"சும்மா எலிங்க கண்ணைத்தான். கண்ணோரத்துலயும் மூக்கு நுனியிலயும் செவப்பா பிசுபிசுன்னு வந்துச்சு. தூசியா இருக்கும்னு நெனச்சேன். வெந்நீர்ல பஞ்சை நனைச்சுத் தொடச்சு விட்டேன். நீங்க வந்து பாக்கறப்ப பளிச்சுன்னு இருக்கணும் இல்லீங்களா?"

டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். நெருக்கடியில் இருக்கிற எலிக்குக் கண்ணோரம் அப்படித்தான் சிவப்பாகக் கசியுமாம். பார்த்தால் ரத்தம் மாதிரி இருக்கும், ஆனால் கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து வருகிற சாயம். எலி நன்றாக இல்லை என்று வெளியில் தெரிகிற ஒரே அடையாளம் அதுதான் பல சமயம். அதைத்தான் இந்த மனிதர் இருபத்தொரு நாளும் காலையில் பொறுப்பாகத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க. ஒரே ஒரு வார்த்தை."

"எலி அழுக்கா இருக்குன்னு சொன்னா என்னைத்தானே திட்டுவீங்க?"

டாக்டரம்மா அவர் கையிலிருந்த குப்பியைப் பார்த்தாள். அவள் முன்பு ஒருமுறை குப்பியில் பாசி இருந்ததற்காக அவரை உண்டு இல்லை என்று ஆக்கியவள்தான்.

சும்மா எலிகளின் அறையில் அப்போது அடுத்த கூட்டம் எலிகள் இருந்தன. அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியை அவள் வைத்தாள். அறையின் சூடு, ஈரம், சத்தம் மூன்றையும் அது நாள் முழுக்கக் குறித்துக்கொள்ளும். பத்து நாள் கழித்து ஒரு நீளமான காகிதத்தோடு ஸ்டோருக்கு வந்து என் மேஜையில் விரித்தாள். கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. காலை ஆறு நாற்பதுக்குச் சட்டென்று ஏறி, ஏறி இறங்கி, ஏழு ஐந்துக்கு அடங்கியது.

"விசிறியா இருக்கும்," என்றேன்.

"விசிறி மூச்சு வாங்குமாக்கா? இங்க பாருங்க. இது பெரிய சத்தம், தட்டு மோதற மாதிரி. அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஒண்ணுமே இல்ல. யாரோ ஒருத்தர் கேள்வி கேட்டிருக்காங்க, இன்னொருத்தர் பதில் சொல்லல."

பத்து நாளில் ஆறு நாள் அப்படி. நாலு நாள் கோடு நேராகக் கிடந்தது. ஆறு நாற்பதுக்கு அந்த அறையில் இருப்பவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், எலிக்காரரும் தங்கச்சியும். அவர்கள் வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, என்ன ஒற்றுமையான குடும்பம் என்று பொறாமைப்பட்டவள் நான்.

கூண்டு கழுவும் இடம் கூடத்துக்குப் பின்னால். நீளமான சிமென்ட் தொட்டி, கை வைக்க முடியாத வெந்நீர், அதில் சோடா உப்பு. எலி மூத்திரத்தில் ஊறிய மரத்தூளைக் கூண்டிலிருந்து சுரண்டிக் கொட்டும்போது கண்ணும் மூக்கும் ஒருசேர எரியும். வெளியே நாலு நாளாக வானம் மூடிக்கொண்டு, மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல் புழுங்கிக்கொண்டிருந்தது. தங்கச்சி முழங்கை வரை ரப்பர் உறை போட்டுக்கொண்டு கூண்டின் மூலைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, காலையில சும்மா எலி அறையில நீயும் அவரும் என்ன பண்றீங்க?"

"கூண்டு மாத்தறோம்."

"கூண்டு மாத்தினா அவ்ளோ சத்தம் வராதாம். டாக்டரம்மா கருவி வெச்சுப் பிடிச்சிட்டா."

பிரஷ் நின்றது. "வார்த்தை கேட்டுச்சா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"இல்ல, சத்தத்தோட அளவு மட்டும்தான்."

"அப்பாடா," என்று தொட்டி விளிம்பில் உட்கார்ந்தவள், அடுத்த நிமிஷமே பொரிந்து தள்ளினாள். "பின்ன வீட்ல எங்கக்கா சண்டை போடறது? நீங்களே சொல்லுங்க. முன்னறையில மாமா உக்காந்திருக்காரு. பின்னறைக்குக் கதவே கிடையாது. சமையக்கட்டுல முணுமுணுத்தாக்கூட முன்னறைக்குக் கேக்கும். அவரைப் பத்தி அவர் காதுல விழற மாதிரி பேச நான் என்ன ராட்சசியா? எலி அறைன்னா ரெண்டு கதவு, கனமான சுவரு. பத்து மணி வரைக்கும் ஈ காக்கா வராது. அதான் எல்லாத்தையும் சேத்து வெச்சு அங்க பேசிக்கறது."

"அங்க எலி இருக்கேடி."

"எலிதானேக்கா. அது யார்கிட்டப் போய்ச் சொல்லப் போகுது?"

அது ரத்தத்தில் சொல்லி, மூளையிலும் சொல்லி, டாக்டரம்மா அதைக் காகிதத்தில் அச்சடித்தும் வைத்துவிட்டாள் என்று இவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

"உங்க மாமா அப்படி என்னதான் பண்றாரு?"

"ஒண்ணும் பண்றதில்லக்கா. அதான் என் தலைவலியே. குடிக்கிறாரா, இல்ல. அதட்டறாரா, அதுவும் இல்ல. சோறு போட்டா முதல் கரண்டியிலயே போதும்மா, போதும்மா. தண்ணி குடிச்ச டம்ளரைக் கழுவி, தொடச்சு, கவுத்து வெப்பாரு, ஏதோ வாடகைக்கு வாங்கினவரு மாதிரி. கொண்டுட்டு வந்த பையை இன்னும் பிரிக்கலக்கா. பதினாலு மாசமா சட்டையை அதுல இருந்துதான் எடுக்கறாரு, அதுலயேதான் மடிச்சு வெக்கிறாரு. நான் தும்மினா அவரு மன்னிப்புக் கேக்கறாரு. குத்தம் சொல்ல ஒண்ணு கிடைச்சா சொல்லித் தொலைச்சிட்டு நிம்மதியா இருப்பேன். குத்தமே இல்லாத மனுஷனோட ஒரு வீட்ல இருந்து பாருங்க, அப்ப தெரியும்."

"அப்ப அனுப்பிடறதுதானே?"

"அதைத்தானே அவர்கிட்டக் கேக்கறேன். உங்க அண்ணன் இங்கயே இருக்கப் போறாரா, எங்கயாவது ஒரு ஏற்பாடு பண்ணிட்டுப் போகப் போறாரா, ரெண்டுல ஒண்ணு கேட்டுச் சொல்லுங்கன்னு. கேட்டா அவரு குப்பியில தண்ணி ஊத்திட்டே இருப்பாரு. வாயே திறக்க மாட்டாரு. அப்பதான் தட்டை எடுத்து மோதுவேன்."

அந்த ஒரு நிமிஷ அமைதி என்ன என்று எனக்கு விளங்கிவிட்டது.

அன்று மத்தியானமே டாக்டரம்மா புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். நானும் போனேன், போகாமல் இருக்க முடியுமா? அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் தேவலை என்று இருந்தது. அத்தனை களைப்பாகப் பேசினாள்.

"இருபத்தஞ்சு நிமிஷச் சண்டைக்கா இதுங்க இப்படி ஆச்சு?" என்று எலிக்காரர்தான் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சண்டையோட நேரம் இல்லீங்க விஷயம். குழாய் எலிக்குப் பத்து மணின்னா குழாய்னு தெரியும். பன்னெண்டு மணிக்கு வெளிய விட்ருவாங்கன்னும் தெரியும். நாலஞ்சு நாள்ல கொஞ்சம் பழகிக்கும். இதுங்களுக்கு இன்னைக்கு உண்டா இல்லையான்னே தெரியாது. மூணு நாள் சத்தம் வரும், ஒரு நாள் வராது, மறுபடியும் ரெண்டு நாள் வரும். விளக்கு எரிஞ்சதும் காதை நிமித்திக்கிட்டுக் காத்திருக்கும். சத்தம் வராத நாள்லயும் காத்துட்டேதான் இருக்கும். அந்தக் காத்துட்டிருக்கறதுதான் மூளையைக் கரைக்குது."

தங்கச்சி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு இப்ப தேதி வேணும்," என்றாள் டாக்டரம்மா. "போன மாசம் அந்த இருபத்தொரு நாள்ல எந்தெந்த நாள் சண்டை, எந்தெந்த நாள் இல்லன்னு எழுத்துல வேணும். அது இருந்தா இதைத் தனியா ஒரு கூட்டமா காட்டலாம். இல்லேன்னா மூணு வருஷத்தையும் குப்பையில கொட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அவள் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தப் பெண் என்ன ஆனாளோ என்று மனசு அடித்துக்கொள்ளும். அவள் வேலை வீணாகவில்லை. தேதிகளை வைத்துச் சும்மா எலிகளை மூன்றாவது கூட்டமாக எழுதினாள். வேறு அறையில் வேறு எலிகளை வைத்து மறுபடியும் இருபத்தொரு நாள் உட்கார்ந்தாள். பட்டம் ஒரு வருஷம் தள்ளி வந்தது. எலிக்காரரை முயல் பகுதிக்கு மாற்றினார்கள். தங்கச்சி தொட்டியோடு நிற்க வேண்டும், அறைகளுக்குள் போகக் கூடாது என்றார்கள். வேலையை விட்டு யாரையும் எடுக்கவில்லை. எடுத்தால் அந்த நாற்றத்தில் நிற்க வேறு யார் வருவார்கள்?

ஆனால் அதற்கு முன்னால் அலுவலகத்திலிருந்து குறிப்பாணை வந்தது. மூன்று நாளுக்குள் இருவரும் சேர்ந்து எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். என்ன சத்தம், எந்தெந்தத் தேதிகளில், என்ன காரணம். எலிக்காரருக்கு இப்படியெல்லாம் எழுத வராது. பதினாலு மாதமாக அந்த வீட்டில் விடுப்பு விண்ணப்பத்திலிருந்து தண்ணீர்க் குழாய்ப் புகார் வரைக்கும் எழுதிக் கொடுத்தது அண்ணன்தான். இதை மட்டும் அண்ணனிடம் எப்படிக் கொடுப்பது? இரண்டு நாள் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். என்னிடம் வந்து, "நீங்க எழுதித் தாங்களேன்க்கா" என்றார். மூட்டைக் கணக்குக்கு மேல் எனக்கு எழுத வராது என்று சொல்லிவிட்டேன். "விசிறிச் சத்தம்னு எழுதிட்டா?" என்றார். அந்தப் பெண்ணின் மூன்று வருஷத்தை இவர் விசிறியில் கட்டித் தொங்கவிடப் பார்த்தார். நான் கொடுத்த டோஸில் அன்று அவர் டீ கூடக் குடிக்காமல் போனார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சுவரில் தட்டி, "அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று தங்கச்சி கூப்பிட்டாள். போனபோது மனுக்காரர் முன்னறையில் ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குறிப்பாணை அவர் கையில் இருந்தது.

"ரெண்டு நாளா சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டிருந்தான். முப்பது வருஷம் இந்த மாதிரி ஆளுங்களைத்தானே பாத்தேன். குடுடான்னு வாங்கிட்டேன்," என்றார் என்னிடம். வழக்கமாக நான் போனால் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போடுகிறவர், அன்று எழுந்திருக்கவில்லை. வேலை என்றதும் ஆளே வேறு மாதிரி இருந்தார். "மூணு கேள்வி. மூணுக்கும் பதில் இருந்தாத்தான் மனு நிக்கும். மொதல் கேள்வி, என்ன சத்தம்?"

"பேச்சு," என்றார் எலிக்காரர், தரையைப் பார்த்து.

"பேச்சா, சண்டையாடா?"

"சண்டை," என்றாள் தங்கச்சி.

எழுதினார். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. "ரெண்டாவது, தேதி."

அவள் போன மாதத்துக் காலண்டர் தாளைக் கையில் வைத்திருந்தாள். "ரெண்டாந்தேதி உண்டு. மூணு, நாலு கிடையாது. அஞ்சும் ஆறும் உண்டு."

மனுக்காரர் பேனாவை நிறுத்தினார். "இவ்ளோ திட்டமா எப்படிம்மா சொல்றே? விசாரணைன்னு வந்தா கேப்பாங்க. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு அடையாளம் போட்டா மனு பலமா இருக்கும். ரெண்டாந்தேதி எதுக்குச் சண்டை?"

எலிக்காரர், "அதெல்லாம் எதுக்குண்ணே" என்றார். நான் மழையைப் பார்த்தேன். தங்கச்சி என்னைப் பார்த்தாள், பிறகு காலண்டரைப் பார்த்தாள்.

"முதல் நாள் மீன் வாங்கியிருந்தோம். நீங்க வேணாம்னு சொல்லிட்டு வெறும் சோத்தைச் சாப்பிட்டீங்க."

பேனா காகிதத்துக்கு ஒரு விரல் மேலே நின்றது. பிறகு எழுதியது. "ரெண்டு. மீன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அஞ்சு?"

"டம்ளர் கழுவினது."

"ஆறு?"

"அதே டம்ளர்தான்."

"ஒம்பது?"

"முந்தின நாள் எனக்குக் காய்ச்சல். எனக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு நீங்க நாள் பூரா பஸ் நிறுத்தத்துல போய் உக்காந்துட்டீங்க. பாத்தவங்க எல்லாம் மாமாவைத் துரத்திட்டியான்னு என்னைக் கேட்டாங்க."

"பதினொண்ணு?"

"மக போன்ல கூப்பிட்டப்ப, நான் நல்லா இருக்கேன், சீக்கிரம் கிளம்பிடுவேன்னு சொன்னீங்க."

இப்படியே போயிற்று. அவர் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை, ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு தேதி, பக்கத்தில் ஒரு சொல். பதின்மூன்று தேதிகள் எழுதி முடிந்ததும் மனுக்காரர் மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார்.

"பதிமூணுலயும் நான்தான் இருக்கேன்," என்றார்.

"அண்ணே, அப்படியெல்லாம் இல்லண்ணே..."

"சும்மா இருடா. எழுத்துல இருக்கு." அடுத்த வரிக்குப் போனார். "மூணாவது, காரணம்." எழுதிக்கொண்டே சத்தமாகப் படித்தார். "வீட்டில் கூடுதலாக ஒரு நபர் தங்கியிருப்பது."

"அப்படி எழுதாதீங்க," என்றாள் தங்கச்சி.

"வேற எப்படி எழுத? பதிமூணு நாள் பட்டியல் குடுத்திருக்கியே! மீன் வேணாம்னேன்னு ஒரு சண்டை! ஏன் வேணாம்னேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?" பலகை மடியிலிருந்து விழுந்தது. அவர் குரல் அப்படி உயரும் என்று எனக்குத் தெரியாது. "மூணே துண்டுதான் இருந்துச்சு. அதுல பெரிய துண்டை நீ எடுத்து மூடி வெச்சதை நான் பாத்தேன். தம்பிக்கு வெச்சிருக்கான்னுதான் நான் வேணாம்னேன்!"

"அது உங்களுக்கு மூடி வெச்சது!"

"அதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"நீங்க வாயைத் திறந்து கேக்கறதுக்கென்ன?"

"மெதுவா, மெதுவா, அக்கம்பக்கத்துல கேக்கும்," என்று எலிக்காரர் இரண்டு கையையும் ஆட்டினார். அக்கம்பக்கமே நடுவில் உட்கார்ந்திருப்பது அவருக்கு மறந்துவிட்டது.

"நீ பேசாத!" என்றார் அண்ணன். "நீங்க வாயே திறக்காதீங்க!" என்றாள் மனைவி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் ரேடியோவை அணைக்கிற சத்தம் கேட்டது. கேட்கட்டும் என்று விட்டேன்.

"டம்ளரைக் கழுவினா குத்தம்," என்றார் மனுக்காரர். மூச்சு வாங்கியது அவருக்கு. "கழுவாம வெச்சா அது வேற குத்தமாயிடுமோன்னு பயம். காய்ச்சல்காரி கிடக்கறப்ப வீட்ல இருந்தா பாரம், வெளிய போனா அவமானம். நான் என்னதான்மா பண்றது? தெனமும் காலையில நீ எழுந்து வர்றப்ப உன் மூஞ்சியைப் பாப்பேன். இன்னைக்குப் போகச் சொல்லிடுவாளான்னு. சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் வேலையில இருந்து வர்ற சத்தம் கேட்டா, பேசி முடிவு பண்ணிட்டு வர்றாங்களோன்னு நெனப்பேன். யாரும் ஒண்ணும் சொல்லலேன்னா, சரி, இன்னைக்கு இல்ல, நாளைக்குன்னு படுத்துக்குவேன். பதினாலு மாசம்மா. ஒரு நாள் விடாம."

மழை சன்னல் வழியாக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. யாரும் எழுந்து போய் மூடவில்லை. தங்கச்சியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கும் அந்த மனிதர் மேல் கோபம்தான் வந்தது, பாவமாகவும் இருந்தது. இப்படி ஒரு மனுஷன் சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் காலையில் ஒருத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் இந்தப் பக்கம் சோப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டு என்ன அமைதி, என்ன அமைதி என்றிருக்கிறேன்.

"போகச் சொல்றதுன்னா இப்பவே சொல்லிடு," என்றார் தணிந்த குரலில். "நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"எனக்குச் சொல்ல வரல மாமா," என்றாள் தங்கச்சி. "போங்கன்னும் வரல, இருங்கன்னும் வரல. நான் இருங்கன்னு சொல்லி நீங்க இருந்தா, அதுவும் நான் சொன்னதுக்காக இருக்கற மாதிரிதான் இருப்பீங்க. அதுக்கும் ஒரு மன்னிப்புக் கேப்பீங்க. அதை என்னால தாங்க முடியாது."

மனுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப நான் சொல்றேன்," என்றார். "நான் போகல. எனக்குப் போக வேற இடம் இல்ல, இருந்தாலும் போக மாட்டேன். இது என் தம்பி வீடு. நான் இங்கதான் இருக்கப் போறேன். உனக்குப் பிடிச்சாலும் சரி, பிடிக்காட்டியும் சரி."

எலிக்காரர் தலை நிமிரவே இல்லை. தங்கச்சி மனுக்காரரையே பார்த்தாள்.

"இதைச் சொல்றதுக்குப் பதினாலு மாசமா மாமா உங்களுக்கு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். கோபத்தில்தான் அழுதாள், ஒருத்தி கோபத்தில் அழுவதைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

பிறகு மனுக்காரர் குனிந்து பலகையை எடுத்தார். கடைசியாக எழுதிய வரியைக் கோடு போட்டு அடித்தார்.

"காரணம் இன்னும் எழுதல. நாளைக்குக் காலையில குடுக்கணும்," என்றவர், மெதுவாக எழுதிப் படித்தார். "வீட்டில் மூத்தவர் இருப்பாரா, போவாரா என்பது முடிவாகாமல் இருந்தது."

"அதான் முடிவாயிடுச்சே," என்றாள் தங்கச்சி, முகத்தைத் துடைத்துக்கொண்டே. "அதையும் சேத்து எழுதுங்க."

அவர் எழுதினார். ஒரு வரி எழுத அவருக்கு அத்தனை நேரம் ஆகி நான் பார்த்ததில்லை. "தற்போது முடிவாகிவிட்டது" என்று படித்துக் காட்டிவிட்டு, பேனாவை எடுக்காமலே அவளைக் கேட்டார்.

"தேதி போடணுமாம்மா?"

"போடுங்க," என்றாள். "கொட்டை எழுத்துல போடுங்க."